கொரிய அலையைக் கரை சேர்த்தவர்கள்: வெளிநாட்டு ரசிகர்கள் செய்யும் வேலை என்ன?

2020 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் பிடிஎஸ் என்ற தென்கொரியப் பாட்டுக் குழுவின் ஒரு பாட்டு, வந்த வாரமே முதலிடத்தில் உட்கார்ந்தது. பாட்டின் பெரும்பகுதி கொரிய மொழியில் இருந்தது. அமெரிக்க வானொலி நிலையங்கள் அதைக் கிட்டத்தட்ட ஒலிபரப்பவே இல்லை. வானொலியின் தயவு இல்லாமல், கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் புரியாத மொழியில் வந்த பாட்டு எப்படி அந்த இடத்துக்குப் போனது?

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கொரிய அரசு பணத்தைக் கொட்டி வளர்த்தது. இன்னொன்று, கொரிய நிறுவனங்கள் விளம்பரத்தில் கெட்டிக்காரர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. உலகம் முழுவதும் கொரிய மொழி பேசுபவர்கள் சுமார் 8 கோடிப் பேர். ஏறத்தாழ தமிழ் பேசுபவர்களின் எண்ணிக்கைதான். அப்படிப்பட்ட ஒரு மொழியின் நாடகமும் பாட்டும் லிமாவிலும் மணிலாவிலும் இம்பாலிலும் வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால், நடுவில் யாராவது உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும், விளக்க வேண்டும், வாங்கிக் கொடுக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் வெளிநாட்டு ரசிகர்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல்.

முதலில் சில சொற்கள்

ஹல்யு: 'கொரிய அலை' என்று பொருள். 1990-களின் இறுதியில் சீனப் பத்திரிகைகள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். இன்று இசை, தொடர், சினிமா, சமையல், அழகுப் பொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஐடல்: நிறுவனமே தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகள் பாட்டும் நடனமும் பயிற்றுவித்து, குழுவாக அறிமுகப்படுத்தும் கலைஞர்.

கம்பேக்: தமிழில் நாம் நினைக்கும் 'மறுவருகை' இல்லை. ஒரு குழு புதுப் பாட்டோ ஆல்பமோ வெளியிடும் ஒவ்வொரு முறையும் அது கம்பேக்தான்.

ஃபேண்டம்: ஒரு குழுவின் ரசிகர் கூட்டம். தனிப் பெயர், தனி நிறம், தனி விளக்குக் கம்பு எல்லாம் உண்டு. பிடிஎஸ் ரசிகர்களுக்கு 'ஆர்மி' என்று பெயர்.

ஃபேன்சப்: ரசிகர்களே எழுதி ஒட்டும் சப்டைட்டில்.

ரசிகர் மன்றம் தமிழர்களுக்குப் புதிதில்லை. கட் அவுட், தோரணம், முதல் நாள் முதல் காட்சி என்று அந்த உழைப்பை நாம் நேரில் பார்த்தவர்கள். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நம் ரசிகருக்குத் தன் நடிகர் பேசும் வசனம் புரியும். கொரிய அலையின் வெளிநாட்டு ரசிகருக்கு அங்கேயே முதல் சுவர். அவருடைய வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

அரசும் நிறுவனங்களும் செய்தது எதுவரை?

1997-ன் ஆசிய நிதி நெருக்கடியில் தென்கொரியா பலமாக அடிவாங்கியது. மறு ஆண்டு பதவியேற்ற அதிபர் கிம் டே-ஜுங், கார், கப்பலோடு பண்பாட்டையும் ஏற்றுமதித் தொழிலாகப் பார்த்தார். 1999-ல் பண்பாட்டுத் தொழில்களை ஊக்குவிக்கத் தனிச் சட்டமே வந்தது. நிதி, பயிற்சி, வெளிநாடுகளில் பண்பாட்டு மையங்கள் என்று அரசு அடித்தளம் போட்டது.

நிறுவனங்கள் எடுத்த முடிவுகளில் முக்கியமானது ஒன்று. பாட்டு வீடியோக்களை முழுசாக, இலவசமாக யூடியூபில் போட்டார்கள். அதே காலத்தில் ஜப்பானிய இசை நிறுவனங்கள் பல, உள்நாட்டு சிடி விற்பனை கெட்டுவிடுமோ என்று முழு வீடியோவைப் போடத் தயங்கின. ரசிகர் வெட்டி ஒட்டும் துண்டு வீடியோக்களையும், மேடையருகே நின்று ஒரே ஒரு கலைஞரை மட்டும் படமெடுக்கும் 'ஃபேன்கேம்'களையும் கொரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டன. இஎக்ஸ்ஐடி என்ற பெண்கள் குழுவின் பாட்டு 2014 ஆகஸ்டில் வெளியாகிக் கவனிக்கப்படாமல் போனது. அக்டோபரில் ஒரு ரசிகர் எடுத்த ஃபேன்கேம் பரவி, அந்தப் பாட்டு பட்டியலில் மறுபடி ஏறி உச்சிக்கே போனது. ரசிகரின் கேமரா, நிறுவனத்தின் விளம்பரச் செலவைவிடப் பெரிய வேலை செய்ய முடியும் என்று அன்று தொழிலுக்கே புரிந்தது.

பொருளைச் செய்து, கதவைத் திறந்துவைத்தது வரை அவர்கள் வேலை. கதவுக்கு இந்தப் பக்கம் நடந்ததுதான் நம் கேள்வி.

மொழியைத் தாண்டவைத்தவர்கள்

ஜப்பானில் நடந்ததை முதலில் பார்க்கலாம். 2002-ல் கொரியாவின் கேபிஎஸ் ஒளிபரப்பிய 'விண்டர் சொனாட்டா' தொடரை, ஜப்பானின் என்எச்கே 2003-ல் செயற்கைக்கோள் சேனலில் ஜப்பானிய டப்பிங்கோடு காட்டியது. நடுத்தர வயதுப் பெண்கள் அதில் மனதைப் பறிகொடுத்தார்கள். மறு ஒளிபரப்பு கேட்டார்கள், வந்தது. பிரதான சேனலில் கேட்டார்கள், 2004-ல் அதுவும் வந்தது. பிறகு அவர்கள் கேட்டதுதான் முக்கியம்: வெட்டாமல், நடிகர்களின் சொந்தக் கொரியக் குரலிலேயே வேண்டும். 2004 டிசம்பரில் என்எச்கே அப்படியே சப்டைட்டிலோடு போட்டது. டப்பிங் செய்து கொடுத்தால் போதும் என்று ஒளிபரப்பாளர்கள் நினைத்திருந்த காலத்தில், மூல மொழியின் மேல் ஆசைப்பட்டது ரசிகர்கள்.

ஜப்பானில் அதைச் செய்துதர ஒரு தேசிய ஒளிபரப்பு நிறுவனம் இருந்தது. மற்ற நாடுகளில் யாருமில்லை. அங்கே ரசிகர்களே இறங்கினார்கள். 1998-ல் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு கொரிய வம்சாவளிப் பெண் தொடங்கிய சூம்பி தளம், கொரியப் பொழுதுபோக்குச் செய்திகளை ஆங்கிலத்தில் தந்த முன்னோடி. அடுத்த பத்தாண்டில் ஃபேன்சப் குழுக்கள் ஏராளமாக முளைத்தன. 2007-ல் தொடங்கிய விக்கி (இது விக்கிப்பீடியா இல்லை) இந்த உழைப்பை ஒரே இடத்தில் சேர்த்தது. 2013-ல் ஜப்பானின் ராக்குட்டன் நிறுவனம் அதை வாங்கியது. தொண்டர்கள் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் சப்டைட்டில் எழுதிய தளம் அது.

ஒரு தொடரின் ஒரு பாகம் ஒளிபரப்பான பிறகு நடப்பது ஏறத்தாழ இந்த வரிசையில் இருக்கும்:

1. ஒருவர் வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பார். வசனம் எந்த நொடியில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று குறிப்பார். இவருக்கு 'செக்மென்டர்' என்று பெயர். கொரிய மொழி தெரியாவிட்டாலும், காது கூர்மையாக இருந்தால் போதும்.
2. கொரியம் தெரிந்தவர் துண்டு துண்டாக ஆங்கிலத்தில் எழுதுவார்.
3. இன்னொருவர் படித்துத் திருத்துவார். பாத்திரத்தின் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் வேறிடத்தில் வேறு மாதிரியும் வந்துவிடாமல் பார்ப்பதும் இவர்தான்.
4. அந்த ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷ், அரபி, போர்த்துகீஸ், இந்தோனேசியம் என்று மற்ற மொழிக் குழுக்கள் பிரிந்து போகும்.

நான்காவது படியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பெரும்பாலான மொழிகளுக்குக் கொரியம் நேராக வருவதில்லை, ஆங்கிலத்தின் வழியே வருகிறது. ஆங்கிலத்தில் தொலைந்தது எல்லோருக்கும் தொலைந்தது.

எது தொலைகிறது என்பதற்கு 'ஒப்பா' என்ற ஒரே சொல் போதும். ஒரு பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல் அது. தம்பி தன் அண்ணனை அழைப்பது 'ஹ்யங்'. அதேபோல் பெண்ணுக்கு அக்கா 'உன்னி', ஆணுக்கு அக்கா 'நூனா'. அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உறவுச் சொல் வைத்தே ஊரில் எல்லோரையும் அழைக்கும் நமக்கு இதில் பாதி உடனே விளங்கும். மீதிப் பாதி சிக்கல். கொரியப் பெண் தன்னைவிட மூத்த காதலனையும் 'ஒப்பா' என்றுதான் அழைப்பாள். தமிழில் அதை 'அண்ணா' என்று போட்டால் கதையே கவிழ்ந்துவிடும். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றாலும் அதே கதி.

ஃபேன்சப் எழுதியவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சொல்லை மாற்றாமல் 'ஒப்பா' என்றே விட்டுவிட்டு, திரையின் மேல் ஓரத்தில் இரண்டு வரி விளக்கம் போட்டார்கள். தொழில்முறை சப்டைட்டில் எழுதுபவர் செய்யத் துணியாத காரியம் இது. திரையில் இடம் போகும், படிக்க நேரம் போதாது என்பார்கள். ஆனால் ரசிகர்கள் காட்சியை நிறுத்திப் படித்தார்கள். பத்துத் தொடர் பார்த்த பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. 'மாக்னே' என்றால் குழுவில் கடைசிப் பிள்ளை, 'சன்பே' என்றால் துறையில் மூத்தவர், 'ஏக்யோ' என்றால் செல்லம் கொஞ்சுவது: இவையெல்லாம் பெருவில் இருக்கும் பள்ளி மாணவிக்கும் தெரிந்த சொற்களாயின. 2021 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, கொரிய வேர் கொண்ட 26 சொற்களை ஒரே தவணையில் சேர்த்தது. 'ஒப்பா', 'உன்னி', 'நூனா', 'ஏக்யோ', 'ஹல்யு' எல்லாம் அதில் உண்டு. இந்தச் சொற்களை மாற்றாமல் விட்டுப் பழக்கியதில் சம்பளமில்லாத சப்டைட்டில்காரர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் கருத்து.

அதே மாதத்தில்தான் நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்க்விட் கேம்' வெளியானது. பணம் கொடுத்து எழுதவைத்த அதன் ஆங்கில வரிகளில் 'ஒப்பா'வுக்கு ஓரிடத்தில் 'கிழவா' என்ற பொருளிலும் வேறோரிடத்தில் 'கண்ணே' என்ற பொருளிலும் சொற்கள் வந்தன. கொரியம் தெரிந்த பார்வையாளர்கள் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, அது உலகச் செய்தியானது. சந்தை வளர்ந்து பணம் வந்த பிறகும், ரசிகர்கள் பழக்கிவிட்ட தரத்தோடுதான் பெரிய நிறுவனம் ஒப்பிடப்பட்டது.

'இங்கே ஆள் இருக்கிறோம்' என்று காட்டுவது

நிகழ்ச்சி நடத்த ஒரு நிறுவனம் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: அந்த ஊரில் டிக்கெட் விற்குமா? அந்தப் பயத்தை உடைத்ததும் ரசிகர்களே.

1. 2005-ல் தென்கொரிய அதிபர் ரோ மூ-ஹியூன் மெக்சிகோ போனபோது, அவர் தங்கிய ஓட்டலுக்கு வெளியே ஜாங் டாங்-கன், ஆன் ஜே-உக் ஆகிய நடிகர்களின் மெக்சிகோ ரசிகர்கள் பதாகையோடு நின்றார்கள். எங்கள் நடிகரை இங்கே அனுப்பிவையுங்கள் என்பதே கோரிக்கை.
2. 2011 ஜூனில் பாரிஸில் எஸ்எம் என்ற கொரிய இசை நிறுவனம் ஒரே ஒரு நாள் கச்சேரி அறிவித்தது. டிக்கெட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்தன. கிடைக்காதவர்கள் மே 1 அன்று லூவர் அருங்காட்சியகத்தின் முன்னால் கூடி, கொரியப் பாட்டுகளுக்கு ஆடிக் காட்டி இன்னொரு நாள் கேட்டார்கள். நிறுவனம் இரண்டாவது கச்சேரியைச் சேர்த்தது. கொரியப் பத்திரிகைகளுக்கு 'ஐரோப்பாவில் ஹல்யு' என்ற தலைப்புச் செய்தியைக் கொடுத்தது அந்த வாசல் நடனம்தான்.
3. 2017 வாக்கில் அமெரிக்காவில் பிடிஎஸ் ரசிகர்கள் 50 மாநிலங்களுக்கும் தனித்தனிக் குழு அமைத்தார்கள். உள்ளூர் வானொலி நிலையத்தில் யாரிடம் பேச வேண்டும், எப்படி மரியாதையாகப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்புகள் எழுதினார்கள். போட்ட தொகுப்பாளருக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். அந்த ஆண்டு மே மாதம் பில்போர்டு இசை விருதில் சமூக ஊடகக் கலைஞர் பரிசை பிடிஎஸ் வாங்கியது. விழுந்த வாக்குகள் 30 கோடிக்கும் மேல். முந்தைய 6 ஆண்டுகளும் அதை வாங்கியவர் ஜஸ்டின் பீபர்.

மூன்றாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அது கூச்சலால் நடந்த வேலை இல்லை. ஒரு தேர்தல் முகவர் தெருத் தெருவாக வாக்காளர் பட்டியலோடு போவதைப் போன்ற பொறுமையான வேலை.

காசும் கணக்கும்

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். ஹாட் 100 மூன்று விஷயங்களைக் கூட்டிக் கணக்கிடுகிறது: இணையத்தில் எத்தனை முறை கேட்டார்கள், எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள், வானொலியில் எத்தனை பேர் காதில் விழுந்தது. வானொலியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றாலும், மற்ற இரண்டில் மிக உயரமாகப் போனால் மொத்தத்தில் முந்தலாம். ரசிகர்கள் இந்த விதியைப் பாடம்போலப் படித்தார்கள். ஒரு பாட்டைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டால் கணக்கில் சேராமல் போகலாம், நடுவில் வேறு பாட்டு போடுங்கள்; ஒலியை முழுக்க அணைக்காதீர்கள்; அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்தக் கடையில் வாங்குங்கள் என்று படம் போட்டு விளக்கினார்கள். டிஜிட்டல் பாட்டின் விலை ஒரு டாலரைச் சுற்றியே இருக்கும். வாங்க முடியாத மாணவிக்கு வேறு நாட்டு ரசிகர் பணம் கொடுத்தார். பிற்பாடு பில்போர்டு, ஒரே ஆள் பல பிரதி வாங்குவதற்கு வரம்பை இறுக்கியது. ரசிகர்கள் கணக்கைக் கற்றதால் கணக்கின் விதியே மாறியது.

பட்டியலை இப்படி 'ஏமாற்றுகிறார்கள்' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வானொலியில் எது ஒலிக்க வேண்டும் என்பதை எப்போதும் சில விளம்பரக்காரர்களும் நிலைய அதிகாரிகளும் பேசி முடித்துக்கொண்டார்கள். இங்கே அதே அழுத்தம் வெளிப்படையாக, பல்லாயிரம் பேர் கையால் வந்தது. அதே சமயம், 'இத்தனை பேர் கேட்டார்கள்' என்ற எண், 'இத்தனை பேர் தீவிரமாகக் கேட்டார்கள்' என்ற எண்ணாக மாறிவிட்டதையும் மறுக்க முடியாது.

ஆல்பம் வாங்குவது தனிக் கலை. கொரிய ஆல்பம் ஒரு பெட்டி: சிடி, படப் புத்தகம், உள்ளே எந்த உறுப்பினரின் படம் வரும் என்று தெரியாத ஒரு 'ஃபோட்டோகார்டு' (சின்னப் பட அட்டை). தனியாளாகக் கொரியாவிலிருந்து ஒன்று வரவழைத்தால் தபால் செலவு ஆல்பத்தின் விலையைத் தொட்டுவிடும். அதனால் 'குரூப் ஆர்டர்'. ஒருவர் பொறுப்பெடுத்து முப்பது, நாற்பது பேரிடம் பணம் வாங்கி, மொத்தமாக வரவழைத்து, சுங்கம் கட்டி, பிரித்து, அட்டைக்குள் வைத்து மறுபடி தபாலில் அனுப்புவார். யாருக்கு எந்த அட்டை, யார் பாக்கி என்று ஒரு அட்டவணை ஓடிக்கொண்டே இருக்கும். முறையாகப் பதிவான கொரியக் கடையில் வாங்கினால் ஹான்டியோ போன்ற கொரிய விற்பனைப் பட்டியல்களில் அந்த விற்பனை சேரும். அதனால் எந்தக் கடை என்பதே விவாதப்பொருள். 2023-ல் கொரியாவின் முக்கியப் பட்டியல் கணக்கில் ஆல்பம் விற்பனை 10 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. சிடி போடும் கருவியே வீட்டில் இல்லாத காலத்தில் இது நடந்தது.

கதவு அடைத்த இடங்களிலும்

மணிப்பூரில் 2000-ல் ஓர் ஆயுதக் குழு இந்திப் படங்களுக்கும் சேனல்களுக்கும் தடை போட்டது. காலியான இடத்தில் கொரியாவின் அரிராங் சேனல் வந்தது. மியான்மர் எல்லை வழியாகக் கொரியத் தொடர்களின் டிவிடிகள் வந்தன. அரசோ நிறுவனமோ மணிப்பூருக்குத் திட்டம் போட்டு வரவில்லை. கைமாறிய டிவிடிகளும், முடிவெட்டும் கடையில் கேட்கப்பட்ட கொரியத் தலைமுடி வடிவங்களுமே அங்கே பாலமாயின. தமிழ்நாட்டில் பாதை வேறு. 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் டப் செய்து போட்டது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் பிறகு இணையத்தில் மூல மொழிக்குப் போனார்கள்.

2016-ல் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைத் தென்கொரியா ஏற்றது சீனாவுக்குப் பிடிக்கவில்லை. அதையடுத்து அங்கே கொரியக் கலைஞர்கள் மேடையிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் மறைந்தார்கள். ரசிகர்கள் மறையவில்லை, கூட்டாகப் பணம் திரட்டி ஆல்பம் வாங்குவது தொடர்ந்தது. 2021-ல் பிடிஎஸ் உறுப்பினர் ஒருவரின் சீன ரசிகர்கள் அவர் படம் போட்ட விமானத்தையே பறக்கவிட்டபோது, சீனச் சமூக ஊடகமான வெய்போ அந்த ரசிகர்களின் கணக்கை 60 நாள் முடக்கியது.

இதன் விளைவுகள்

முதலாவது, எண்ணிக்கை. கொரியா ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், 2012-ல் உலகெங்கும் 1 கோடிக்கும் குறைவாக இருந்த ஹல்யு ரசிகர்கள், 2023-ல் சுமார் 22.5 கோடி. இதை அப்படியே விழுங்கக் கூடாது. ரசிகர் சங்கங்களின் உறுப்பினர்களைக் கூட்டி வரும் எண் இது. ஒரே ஆள் நான்கு சங்கத்தில் இருந்தால் நான்காக எண்ணப்படலாம். ஆனால் கொரிய அரசு சார்ந்த ஓர் அமைப்பு தன் பண்பாட்டின் வீச்சை அளக்க வெளிநாட்டு ரசிகர் சங்கங்களை எண்ணுகிறது என்பதே பெரிய செய்தி. வெளியுறவு அமைச்சகமும் கேபிஎஸ்ஸும் 2011 முதல் சாங்வோன் நகரில் நடத்தும் கே-பாப் (கொரிய பாப் இசை) உலக விழாவுக்கு, தூதரகங்கள் அந்தந்த நாட்டில் பாட்டு, நடனப் போட்டி வைத்து ஆள் எடுக்கின்றன.

இரண்டாவது, இந்த அமைப்பு வேறு காரியத்துக்கும் பயன்பட்டது. 2020 ஜூனில் பிடிஎஸ்ஸும் அதன் நிறுவனமும் கறுப்பினத்தவர் உரிமைக்கான 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தபோது, ரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அதே தொகையைத் திரட்டினார்கள். அது திடீர் உற்சாகத்தில் நடந்ததில்லை. குரூப் ஆர்டரில் பணம் வாங்கிக் கணக்குக் காட்டிப் பழகிய கைகள் அவை. சிலியில் 2019 போராட்டங்களின்போது அரசு முன்வைத்த ஓர் அறிக்கை, இணையத்தில் குரல் எழுப்பியவர்களில் கே-பாப் ரசிகர்களையும் குறிப்பிட்டது. 2021-ல் தொடங்கிய 'கேபாப் ஃபார் பிளானட்' என்ற ரசிகர் இயக்கம், ஃபோட்டோகார்டுக்காக வாங்கிக் குப்பையில் போடப்படும் ஆல்பங்களைக் காட்டி நிறுவனங்களையே கேள்வி கேட்டது. பாட்டைப் பரப்பக் கற்றவர்கள், பரப்பப்படும் முறையையும் தட்டிக் கேட்டார்கள்.

மூன்றாவது, எனக்கு மனம் ஒப்பாத விளைவு. ரசிகர்கள் சிதறிய இடங்களில் இலவசமாகச் செய்த வேலையை நிறுவனங்கள் தங்கள் தளங்களுக்குள் இழுத்துக்கொண்டன. 2015-ல் வந்த விலைவ் நேரலைத் தளம், ரசிகர்கள் சப்டைட்டில் எழுத இடம் கொடுத்தது. 2019-ல் பிடிஎஸ்ஸின் நிறுவனம் வீவர்ஸ் செயலியைத் தொடங்கியது. 2022 இறுதியில் விலைவ் மூடப்பட்டு வீவர்ஸுக்குள் போனது. பேச்சு, கடை, உறுப்பினர் சந்தா, நேரலை எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். மொழிபெயர்ப்பை இயந்திரம் செய்கிறது. வசதிதான். ஆனால் இரவெல்லாம் விழித்துக் கூட்டத்தைச் சேர்த்தவருக்கு, அந்தக் கூட்டத்தின் மதிப்பு பங்குச் சந்தையில் ஏறியபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பு ரசிகரின் வேலையை முடித்துவைத்துவிட்டதா என்றால், இல்லை. கொரியத்தில் மரியாதைப் பேச்சு, 'பன்மல்' என்ற நெருக்கப் பேச்சு என்று இரண்டு உண்டு. நமக்கு 'நீங்க', 'நீ' போல. நேரலையில் இளையவர் ஒருவர் மூத்தவரிடம் சட்டென்று பன்மலுக்கு இறங்குவார்; சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். இயந்திரம் இரண்டையும் ஒரே ஆங்கில 'யூ'வாகப் போடும். எதற்குச் சிரித்தார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சில நிமிடத்தில் எங்கோ ஒரு ரசிகர், அந்த நொடியைக் குறித்து, யார் யாருக்கு எத்தனை வயது மூத்தவர், அந்த வாக்கியத்தின் கடைசியில் எந்த அசை விழுந்துபோனது என்று எழுதிப் போடுவார்.